முதல் வரப்பு

திருவண்ணாமலையிலிருந்து வரும் சாலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்துதான் செஞ்சிக்குள் வருகிறது. இருபக்கமும் பாறை அடுக்கு, அதன் காலடியில் கோட்டை மதில், மதிலைத் தாண்டினால் வயல். 2025 ஜூலையில் இந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராத்தியரின் 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகச் சேர்ந்ததில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். கோட்டை பார்க்க வருகிறவர்களின் கார், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், பள்ளி வேன், கல்லூரிப் பேருந்து, அவற்றோடு பெட்ரோல், டீசல், கேஸ் ஏற்றிய டேங்கர் எல்லாம் கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77 என்ற இந்த ஒரே தடத்தில்தான் போகின்றன.

அந்தச் சாலையோர டீக்கடை ஒன்றில் நின்றிருந்தபோது, பெட்ரோல் டேங்கர் ஒன்று வந்து ஓரங்கட்டியது. ஓட்டுநர் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்னால் கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஒரு கட்டத்தில் ‘3 ஒய் ஈ’ என்ற எழுத்துகள், அதன் கீழே 1203 என்ற எண், பக்கத்தில் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர், அடியில் ஒரு தொலைபேசி எண். எல்லாம் ஆங்கிலத்தில். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், “இது என்னன்னு தெரியுமா?” என்று கேட்டேன். “அது கம்பெனிக்காரங்க நம்பர் சார்” என்றார். தினம் தன் கடை வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த வண்டி கவிழ்ந்தால் முதலில் ஓடிப்போய் நிற்கப்போகிறவர் அவர்தான்.

அந்தப் பலகையைப் படிப்பது கடினமல்ல. 1203 என்பது பெட்ரோலுக்கு ஐ.நா. வல்லுநர் குழு கொடுத்த எண். டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223, சமையல் எரிவாயுவுக்கு 1075. மேலே இருக்கும் மூன்று குறிகள் தீயணைப்பு வீரருக்கான கட்டளை. ‘3’ என்றால் தண்ணீர் வேண்டாம், நுரை அடி. ‘ஒய்’ என்றால் மூச்சுக் கருவியும் தீயணைப்பு உடையும் இல்லாமல் நெருங்காதே, வெடிக்க வாய்ப்புண்டு, கொட்டியதைச் சாக்கடையிலோ ஓடையிலோ இறங்க விடாமல் தேக்கு. ‘ஈ’ என்றால் அக்கம்பக்கத்தாரை வெளியேற்றுவது பற்றி உடனே யோசி. இத்தனையும் மூன்றே குறிகளில் அடங்கியிருக்கின்றன. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பலகையைக் கட்டாயமாக்கின. அபாயகரச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர் ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக, தனிப் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பலகையைப் படிக்கும் கடமை ஓட்டுநருக்கும் தீயணைப்பு வீரருக்கும் இருக்கிறது. சாலையோரத்தில் வாழ்கிறவர்களை அந்த விதிகளில் எங்கும் காணோம். எரிபொருள் டேங்கர் கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைப் பல பக்கமிருந்தும் பார்த்தபின் எனக்குத் தெளிவான குறை இதுதான்: எரிபொருள் கொட்டிய முதல் அரை மணி நேரம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது, நம் ஏற்பாடுகளோ அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

பழைய கணக்கு நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1995 மார்ச் 12 அன்று மதுராந்தகம் பகுதியில் நடந்த எரிபொருள் லாரி விபத்தில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போய், சென்னைச் சாலையில் திரும்பினால் வருகிற ஊர் அது. இன்று அந்த வழியே போகிறவர்களில் அதை நினைப்பவர்கள் குறைவு. கேரளத்தில் கருநாகப்பள்ளி அருகே 2009-இன் கடைசி நாளன்று கேஸ் டேங்கர் விபத்தில் 12 பேர் மாண்டனர். கண்ணூர் அருகே சாலாவில் 2012 ஆகஸ்டில் 20 பேர். ஜெய்ப்பூரில் 2024 டிசம்பர் 20 விடியலில், திரும்பிக்கொண்டிருந்த கேஸ் டேங்கர்மீது லாரி மோத, வெளியே வந்த வாயு சாலை முழுக்கப் பரவி, நின்ற வண்டிகளையெல்லாம் எரித்தது.

எல்லாவற்றையும்விட நம் ஊர்களுக்கு நெருங்கிய பாடம், பாகிஸ்தானில் பகவல்பூர் மாவட்டத்து அகமதுபூர் ஷர்கியா அருகே நடந்தது. 2017 ஜூன் 25, ரம்ஜானுக்கு முந்தைய நாள். பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து வயலோரம் பெட்ரோல் ஓடியது. பக்கத்துக் கிராமத்து மக்கள் குடம், கேன், பாட்டில் எடுத்துக்கொண்டு வந்து அள்ளினார்கள். பைக்குகள் வரிசையாக நின்றன. தீப்பிடித்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். கவிழ்ந்த விபத்து இவர்களைக் கொல்லவில்லை. கவிழ்ந்ததற்கும் தீப்பிடித்ததற்கும் நடுவே கிடைத்த நேரம் கொன்றது. தப்பிப்பதற்கான நேரம் அது. அதைக் கூட்டம் சேர்வதற்கான நேரமாக்கியது வறுமை மட்டுமல்ல, பெட்ரோல் எப்படிப்பட்டது என்பதை யாரும் சொல்லாததும்தான். 2019-இல் தான்சானியாவின் மொரோகோரோவிலும், 2021-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனிலும் இதே காட்சி. இதைப் பேராசை என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. ஐந்து லிட்டர் பெட்ரோல் இரண்டு நாள் கூலிக்குச் சமமாக இருக்கும் வீட்டில், கண்ணுக்கு எதிரே ஓடுகிற பெட்ரோலை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

பெட்ரோல் எப்படிப்பட்டது? அது தீப்பற்றத் தேவையான ஆவி, உறைநிலைக்கும் நாற்பது டிகிரி கீழேயே வரத் தொடங்கிவிடும். செஞ்சியின் சித்திரை வெயிலில் சாலையில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். காற்றில் ஒன்றரை சதவீத அளவு கலந்தாலே பற்றும். அதனால்தான் டேங்கரிலிருந்து நூறடி தள்ளி நின்றவரும், தான் நின்றது பள்ளமாக இருந்தால் எரிந்துபோகிறார். டீக்கடை அடுப்பு, பைக்கின் ஸ்டார்ட்டர், ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர், வெல்டிங் பட்டறை, வீட்டு மீட்டர் பெட்டியில் தட்டும் சுவிட்ச், எது வேண்டுமானாலும் போதும். டீசல் இவ்வளவு சுலபத்தில் பற்றாது. ஆனால் ஆவியாகாமல் மண்ணில் தங்கிவிடும். அதன் ஆபத்து மெதுவாகக் கிணற்றுக்குள் வரும்.

பல நாட்டுத் தீயணைப்புத் துறைகள் கையில் வைத்திருக்கும் வட அமெரிக்க அவசரகாலக் கையேடு பெட்ரோலுக்குச் சொல்லும் தூரங்கள் நினைவில் வைக்கக்கூடியவை. கசிவு என்று தெரிந்தவுடன் எல்லாத் திசையிலும் 50 மீட்டர். பெரிய கசிவானால் காற்று போகும் திசையில் 300 மீட்டர். டேங்கரே எரிந்தால் 800 மீட்டர். கேஸ் டேங்கர் எரிந்தால் 1,600 மீட்டர், அதாவது ஒரு மைல். செஞ்சி மாதிரி ஊரில், கடைவீதிக்குப் பக்கத்தில் கேஸ் டேங்கர் எரிந்தால் ஊரில் பெரும்பகுதியைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

இனி நுரைக்கு வருவோம். ‘தீயணைப்பு வண்டி வந்தால் நுரை அடித்துவிடுவார்கள்’ என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்கரில் பொதுவாக நான்கைந்து அறைகள் தனித்தனியாக இருக்கும். வண்டி கவிழ்ந்தாலும் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. இரண்டு மூன்று அறை உடைந்து 10,000 லிட்டர் வெளியே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அரை சென்டிமீட்டர் கனத்தில் அது பரவினால் 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தரநெறிப்படி, படலம் விரிக்கும் நுரையானால் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4.1 லிட்டர், 15 நிமிடம் அடிக்க வேண்டும். மொத்தம் 1,23,000 லிட்டர் கரைசல். மூன்று சதவீதக் கலவைக்கு நுரைத் திரவம் மட்டும் 3,690 லிட்டர். ஒரு சிறு நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில் இதை எதிர்பார்ப்பது அந்த வீரர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

அதே 10,000 லிட்டரை, பரவ விடாமல் ஒரு பள்ளத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேக்கிவிட்டால்? பரப்பு 200 சதுர மீட்டர்தான். தேவைப்படும் கரைசல் 12,300 லிட்டர். நுரைத் திரவம் 369 லிட்டர். பத்தில் ஒரு பங்கு. ஆவியாகும் பரப்பும் பத்தில் ஒரு பங்கு. நுரை வண்டி வருவதற்கு முன்பே நுரையின் வேலையில் பெரும்பகுதியை ஒரு மண் வரப்பு முடித்துவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்குதான் மொத்தக் கேள்வியின் நடுவே நிற்கிறது.

வரப்பு போடுவதை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏரிக்கரை உடைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை அடுக்குகிற ஊர்கள் இவை. மடை திறந்து, மடை மாற்றி, நீர் எந்த வாய்க்காலில் போய் எந்த வயலில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். அந்த அறிவு வேண்டும். ஆனால் அதை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கொட்டுகிற இடத்துக்குப் போய் வரப்பு போடக் கூடாது. பெட்ரோல் ஓடி வரும் பாதையில் வெகுதூரம் முன்னே போய், காற்று வரும் பக்கமாக நின்று, அடுத்த சிறுபாலத்தின் வாயையோ ஓடையின் தலையையோ மூட வேண்டும். மண்வெட்டியும் மணல் மூட்டையும்தான். ஜேசிபி கூடாது, டிராக்டர் கூடாது; இரண்டின் இன்ஜினும் நெருப்புப் பெட்டிதான். பெட்ரோல் வாடை மூக்கில் பட்டால் வேலையைப் போட்டுவிட்டு விலக வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது நம் பழக்கம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் ஊற்றினால் அதன் முதுகில் ஏறிக்கொண்டு இன்னும் தூரம் போகும்.

எங்கே போகும்? செஞ்சியின் நிலத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மலையடிவாரத்து மழைநீர் குளங்களிலும் ஏரிகளிலும் தேங்கி, மிச்சம் ஓடைகளில் இறங்குகிறது. ஓடைகள் சங்கராபரணியைச் சேர்கின்றன. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அழைக்கப்படும் அதே ஆறுதான் 1959-இல் கட்டிய வீடூர் அணையில் தேங்கி, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக் கடலில் கலக்கிறது. ஐப்பசி மழையில் இங்கே ஒரு சிறுபாலத்தில் இறங்கியதை மூடாவிட்டால், அது வீடூர்ப் பாசன விவசாயிக்கும் புதுச்சேரிக்காரருக்கும் போய்ச் சேரும் பிரச்சினை. கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் வெட்டியவர்கள் மழைத்துளி எந்தச் சரிவில் ஓடும் என்று பார்த்தே வெட்டினார்கள். இன்றைய நெடுஞ்சாலைக்கும் அப்படி ஒரு சரிவு வரைபடம் தேவை: தீவனூரிலிருந்து ஆலம்பூண்டி வரை ஒவ்வொரு சிறுபாலமும், அதன் நீர் விழும் இடமும், அங்கிருந்து முதல் குடிநீர்க் கிணற்றுக்கு உள்ள தூரமும்.

கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் தருவது என்று உறுதியானது. இந்தியத் தரம் ஒரு சதவீதம் வரை அனுமதிக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். செஞ்சிப் பகுதி பாறை நிலம். நீர் மண்ணில் வடிந்து போவதைவிட வெடிப்புகளில் ஓடிப்போவது அதிகம். சாலையோரத்தில் இறங்கியது எந்தக் கிணற்றில் முளைக்கும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயில் கசிந்த எண்ணெய் ஆழ்துளைக் கிணறுகளில் வந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது நினைவிருக்கலாம். குழாய்த் தண்ணீர் எரிபொருள் வாடை அடிக்கிற வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் துயரம் புரியும்.

இதில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும். சாதாரண நுரையின் படலத்தை உடைத்துவிடும். அதற்கென்று ஆல்கஹாலைத் தாங்கும் நுரைத் திரவம் தனியாக உண்டு. நிலத்தடியிலும் எத்தனாலைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் காலி செய்துவிடுவதால் பென்சீன் சிதைவது தாமதமாகி, இன்னும் தூரம் பயணிக்கிறது. பெட்ரோல் பங்கில் கலவை மாறிய வேகத்துக்குத் தீயணைப்பு நிலையத்துப் பீப்பாயில் இருக்கும் திரவமும் மாறியிருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

கேஸ் டேங்கரின் கதை வேறு, குழப்பிக்கொண்டால் ஆபத்து. அங்கே தேக்க எதுவும் இல்லை. திரவம் வெளியே வந்தவுடன் வெண்புகையாகி விரியும். கசிவை அடைக்க முடியாதபோது எரியும் தீயை அணைக்கக் கூடாது. அணைத்தால் எரியாத வாயு சேர்ந்து அடுத்த பொறியில் ஒட்டுமொத்தமாக வெடிக்கும். டேங்கைத் தொடர்ந்து தண்ணீரால் குளிர்விக்க வேண்டும், மக்களை அப்புறப்படுத்த வேண்டும். நம் மாநிலத்தில் இதைச் சரியாகச் செய்த அண்மை உதாரணம் கோவை. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவோடு வந்த டேங்கர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் தனியே கழன்று கவிழ்ந்தது. வாயு கசிந்தது. தீயணைப்புத் துறை இடைவிடாமல் தண்ணீர் தெளித்தது, போக்குவரத்தைத் திருப்பினார்கள், சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், எண்ணெய் நிறுவன வல்லுநர்கள் வந்து, பல மணி நேரம் கழித்து கிரேன்கள் டேங்கரை நிமிர்த்தின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த அதிகாலையில் வேலை பார்த்தவர்களை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது கோவை. அங்கே எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ரயிலில் 18 வேகன்கள் எரிந்தபோது, சென்னைக்கு அவ்வளவு பக்கத்திலேயே ஒரு பகல் முழுக்கப் போராட வேண்டியிருந்தது. செஞ்சிக்குத் திண்டிவனம் முப்பது கிலோமீட்டருக்குள், திருவண்ணாமலையும் விழுப்புரமும் நாற்பது அளவில், சென்னை நூற்றைம்பதுக்கு மேல். உதவி வரும். ஆனால் சாலை வழியாகத்தான் வர வேண்டும், அந்தச் சாலைதான் அடைபட்டிருக்கும்.

அதிலும் சில இரவுகள் இருக்கின்றன. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும் சென்னைக் கூட்டம் திண்டிவனம், செஞ்சி வழியாகத்தான் திருவண்ணாமலைக்குப் போகிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம் இதே ஊரைத் தொட்டுத் திரும்புகிறது. கார்த்திகை தீபத்தன்று சாலையில் பேருந்துக்குப் பின் பேருந்து. அந்த மணிநேரங்களில் எரிபொருள் டேங்கர் இந்தத் தடத்தில் ஓடத்தான் வேண்டுமா? முந்தின நாளே பெட்ரோல் பங்குகளை நிரப்பிவிட்டு, அன்று மாலையிலிருந்து மறுநாள் காலை வரை டேங்கர்களைத் திண்டிவனத்துக்கு முன்பே நிறுத்திவைப்பது கலெக்டர் ஓர் உத்தரவில் செய்யக்கூடியது. செலவே இல்லாத பாதுகாப்பு இது.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 2002 விதிகள், நாகபுரியில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம், 1996 விதிகளின்படி மாவட்டந்தோறும் நெருக்கடிக் குழு, பெட்ரோலிய டேங்கர் போக்குவரத்துக்கென்றே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட ஆவணம் என அடுக்கிக்கொண்டே போகலாம். பாதிக்கப்பட்டவர் யார் தவறு என்று நிரூபிக்காமலே நிவாரணம் கோர 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அது தெரியாமலே பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன.

ஓட்டுநரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டி, அவசர வால்வை மூடு, கூட்டத்தை விலக்கு, தகவல் சொல் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவரே கேபினில் நசுங்கிக் கிடந்தால்? பேட்டரி சுவிட்ச் எங்கே என்று சுற்றி நிற்கும் நூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவரை இழுக்கப் போகிறவர்கள் கடப்பாரையோடு போவார்கள். இரும்பில் இரும்பு பட்டால் பொறி. தீயணைப்பு வீரர்கள் முதலில் நுரைப் போர்வை விரித்துவிட்டுத்தான் கேபினை வெட்டுவார்கள். “ஆள் உள்ளே துடிக்கிறான், இவங்க சோப்பு நுரை அடிக்கிறாங்க” என்று கூட்டம் கத்தும். அந்தச் சில நிமிடம் காத்திருப்பது அவரையும் காப்பாற்றத்தான் என்பதை விபத்து நடந்த இடத்தில் விளக்க முடியாது. முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

தீ இல்லை என்றாலும் வேலை முடியாது. நிறைந்த டேங்கரைக் கிரேன் போட்டுத் தூக்கினால் தகடு கிழியும். வேறு டேங்கரை வரவழைத்து, இரண்டுக்கும் எர்த் கம்பி இணைத்து, பொறி வராத பம்பால் மாற்றிய பிறகே நிமிர்த்த வேண்டும். ஊறிய மண்ணை வெட்டியெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த வயலின் வரப்பில் கொட்டிவிடக் கூடாது. எண்ணூரில் 2017-இலும் 2023-இலும் கடலில் பரவிய எண்ணெயை வாளியில் அள்ளிய கைகளைப் படங்களில் பார்த்தோம். நிலத்திலும் அதே கைகள்தான் கூலிக்கு வரும். கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்கு முதலில் வந்துசேர வேண்டும். சுற்றுக் கிணறுகளின் நீரை அன்றைக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதாது. அடுத்த மழைக்குப் பிறகும், அதற்கடுத்த கோடையிலும் எடுக்க வேண்டும்.

சாலையோரத்தில் எழுதிப்போட வேண்டியவை நான்கைந்து வரிதான். வாடை வந்தால் காற்று வரும் பக்கமாக மேட்டில் ஏறு. அடுப்பை அணை, வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. 112-க்குச் சொல், நெடுஞ்சாலை உதவிக்கு 1033, கேஸ் என்றால் 1906. பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துச் சொல். ஒரு சொட்டும் அள்ளாதே. டீக்கடைச் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் பஞ்சர் கடையிலும் இதைத் தமிழில் எழுதி ஒட்ட ஒரு பெயின்டருக்கு இரண்டு நாள் வேலை.

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரிக்கரைகளுக்காக மணல் மூட்டைகள் கட்டி அடுக்குகிறார்கள். அவற்றில் சிறுபாலத்துக்கு இருபது மூட்டை வீதம் இந்தச் சாலைக்கும் ஒதுக்கலாம். இரண்டு மண்வெட்டியும் ஒரு பலகையும் கூட வைத்து, அந்தச் சிறுபாலத்துக்கு இன்னார் பொறுப்பு என்று பக்கத்து வயல்காரர் ஒருவரின் பெயரைத் தீயணைப்பு நிலையப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். கார்த்திகை தீபத்துக்கு முன் ஒருநாள் காலை, வெறும் தண்ணீரைச் சாலையில் ஊற்றி, அது எந்தப் பாலத்தில் இறங்குகிறது, மூட்டை அடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவரையும் வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம்.